வரிசை சொல்லாத கேள்வி

எங்கள் அலுவலகத்தில் எனக்குக் குப்பைத்தொட்டி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்ட பிழைகள், தொட்டால் வேறு எங்கோ உடையும் என்று எல்லோரும் ஒதுங்கிக்கொள்ளும் பிழைகள், யார் தலையிலும் கட்ட முடியாத பிழைகள், எல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. புதிதாகக் கட்டுகிறவர்களுக்குக் கைதட்டல் கிடைக்கிறது. எனக்கு ராத்திரி தூக்கமாவது கிடைத்துக்கொண்டிருந்தது.

தனியாக இருக்கும் வயதானவர்களுக்காக ஒரு சேவை நடத்துகிறோம். கழுத்தில் சங்கிலி மாதிரி மாட்டிக்கொள்ள ஒரு பொத்தான் கொடுப்போம். தலை சுற்றினாலோ கீழே விழுந்துவிட்டாலோ அதை ஒரு முறை அழுத்தினால் போதும், எங்கள் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும், அந்தப் பொத்தான் வழியாகவே பேசவும் செய்யலாம். அங்கே உட்கார்ந்திருப்பவரின் ஸ்கிரீனில் அழுத்தியவருடைய புரொஃபைல் வந்து நிற்கும். வயது, நோய், மாத்திரை, வீட்டு விலாசம். அதைப் பார்த்து ஆம்புலன்ஸ் போகும். பிள்ளைகள் தங்கள் போனிலிருந்தே அந்தப் புரொஃபைலைத் திருத்திக்கொள்ளலாம். எங்கள் விளம்பரத்தில் நரைத்த தலையோடு ஒரு தம்பதி எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பொத்தானை நிஜமாக அழுத்துகிறவர்கள் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

அன்று காலை வந்த பிழை பார்வைக்குச் சின்னதுதான். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர், பொத்தான் வேலை செய்கிறதா என்று சும்மா அழுத்திப் பார்த்திருக்கிறார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசிய பெண், அவர் எப்போதோ காலி செய்துவிட்ட வீட்டின் தெருப் பெயரைச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் விடுவாரா? மகளுடைய போனில் புதிய விலாசம் தெரிகிறது, உங்களுக்கு மட்டும் பழையது எப்படித் தெரிகிறது என்று பிடித்துக்கொண்டார். போன் ஸ்கிரீனைப் படமெடுத்து அனுப்பி, ஒரு கணக்குக்கு இரண்டு விடை இருக்க முடியாது என்று கீழே குட்டு வேறு வைத்திருந்தார்.

குட்டு எனக்கு வலிக்கவில்லை. விடையைத் தேடப் போனேன்.

ஒருவர் விலாசத்தை மாற்றினால் நாங்கள் பழையதை அழிப்பதில்லை, புதியதை இன்னொரு வரியாகச் சேர்த்து வைப்போம். பிள்ளைகள் போனில் பார்க்கிற பக்கம், "இவருடைய விலாசங்களில் கடைசியாகச் சேர்த்ததைக் கொடு" என்று டேட்டாபேஸைக் கேட்கிறது. கட்டுப்பாட்டு அறையின் பக்கமோ, "இவருடைய விலாசம் ஒன்றைக் கொடு" என்று மட்டும் கேட்கிறது. எதை என்று சொல்லவில்லை. இப்படிக் கேட்பதற்குத்தான் எங்கள் தொழிலில் குவெரி என்று பெயர். கட்டிலிருந்து ஒரு தாள் எடுத்து வா என்று ஆளை அனுப்பினால், மேலே இருப்பதை எடுப்பதும் அடியிலிருந்து உருவுவதும் அவர் இஷ்டம். எங்கள் டேட்டாபேஸ் வருஷக்கணக்காக மேலே இருந்த புதியதையே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்புறம் ஒரு நாள், எல்லாம் வேகமாக ஓடட்டும் என்று அதன் தேடும் முறையை மாற்றினோம். அன்றிலிருந்து அது அடியில் இருக்கும் பழையதை உருவ ஆரம்பித்தது. சிவப்பில் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. எப்படி வரும்? கேட்டதை அது கொடுத்துவிட்டதே.

டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிட்டேன். தாடியும் தாழ்ந்த குரலுமாக இருப்பதால் அவரைச் சாமியார் என்போம். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று அந்தக் குவெரியின் நாலு வரியை இரண்டு தடவை படித்தார்.

"வரிசையே சொல்லலையே," என்றார். "யாரு எழுதினது?"

"எழுதினவர் எப்பவோ போயிட்டாரு. இப்ப எங்கயோ தேன் வியாபாரம் பண்றாராம்."

"தேடற முறையை மாத்தினது நான்தான்."

"நீங்க மாத்தினதாலதான் இது வெளிய வந்துச்சு. இல்லன்னா இன்னும் ஒளிஞ்சிட்டே இருந்திருக்கும்," என்றேன். அவர் முகம் தெளியவில்லை. தாடியைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

திருத்தியது அரை வரி. கடைசியாகச் சேர்த்தது முதலில் வரட்டும் என்று ஒரு அரை வரி. சோதித்துப் பார்த்து, சாப்பாட்டுக்குப் போவதற்கு முன் சேர்த்துவிட்டேன். ஆசிரியரின் விலாசம் இரண்டு பக்கத்திலும் ஒன்றாக வந்தது. என்னோடு வேலை செய்கிறவர்கள் பலரும் இதோடு கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிழையைத் திருத்திய பிறகு, அது அதுவரை யாரையெல்லாம் கடித்தது என்று பார்ப்பேன்.

தேடும் முறையை மாற்றிய நாளிலிருந்து அன்று வரை பொத்தானை அழுத்தியவர்களில், வீடு மாறியவர்கள் யார் என்று தேடினேன். கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். பாதிப் பேர் கைதவறி அழுத்தியவர்கள். மீதிப் பேர், எங்கள் ஆள் கேட்டதும் தாங்களே வாய்விட்டு விலாசம் சொன்னவர்கள். ஒரே ஒரு அழைப்பில் மட்டும் பேச்சுச் சத்தம் இல்லை. "பதில் இல்லை, ஆம்புலன்ஸ் அனுப்பப்பட்டது" என்று இருந்தது. அந்த வண்டி பழைய வீட்டுக்குப் போயிருந்தது.

அங்கே புதிதாகக் குடிவந்தவர்கள், இங்கே அப்படி யாரும் இல்லை என்றிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் மகனுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக். அந்த நேரத்தில் ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார், போன் எடுக்கவில்லை. அவர் மேலே ஏறி வந்து, பார்த்து, பதறிக் கூப்பிட்டு, சரியான வீட்டுக்கு வண்டி போய்ச் சேர்வதற்குள் அந்த அம்மா தரையில் வெகுநேரம் கிடந்துவிட்டார். பக்கவாதம். உயிர் பிழைத்தது. வலது கையும் காலும் பேச்சில் பெரும்பகுதியும் போய்விட்டன.

அதன் பிறகு அந்த மகன் எங்களுக்கு ஒரு புகார் எழுதியிருந்தார். புகாரை நாங்கள் டிக்கெட் என்போம், எந்த ஊருக்கும் போகாத டிக்கெட். அதைத் திறந்தேன்.

"வீடு மாறியபோது விலாசத்தை மாற்றினேன் என்று நினைக்கிறேன். தயவுசெய்து பார்த்துச் சொல்லவும்," என்று எழுதியிருந்தார். எங்கள் தரப்பில் யாரோ ஒருவர் கட்டுப்பாட்டு அறையின் ஸ்கிரீனை, அதாவது பிழை இருந்த அதே ஸ்கிரீனை, பார்த்துவிட்டுப் பதில் போட்டிருந்தார். "சம்பவ நேரத்தில் எங்கள் பதிவில் பழைய விலாசமே இருந்திருக்கிறது. இப்போது தங்கள் போனில் தெரிவது, சம்பவத்துக்குப் பிறகு தாங்கள் மாற்றியது." அதற்கு அவர் அனுப்பிய பதில்தான் கடைசி.

"ஆமாம், ஆஸ்பத்திரியில் இருந்தபடி ஒரு தடவை மாற்றினேன். அப்படியானால் முதலில் நான் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது. தப்பு என் மேல்தான். மன்னிக்கவும். தெரியாத வீட்டு வாசலில் போய் நின்று அலைந்த ஆம்புலன்ஸ் டிரைவரிடமும் என் சார்பில் மன்னிப்புச் சொல்லிவிடவும்."

அதன் கீழே, "பயனர் விலாசத்தைப் புதுப்பிக்கவில்லை. மூடப்பட்டது" என்று எங்கள் ஆள் முடித்திருந்தார்.

அவருடைய விலாச வரிகளைத் தேதி வாரியாக எடுத்துப் பார்த்தேன். முதலில் பழைய வீடு. அதன் கீழே, வீடு மாறிய அன்று மத்தியானமே, புதிய வீடு. அடுத்து மறுபடியும் அதே புதிய வீடு. அடுத்து இன்னொரு தடவை அதே. அப்புறம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தது. அந்த மனிதர் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். நாங்கள் அதற்கு முந்தையதை எடுத்துக் காட்டியிருக்கிறோம். அழுகை வந்திருந்தால் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்திருப்பேன். வந்தது கோபம், அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

எங்கள் மேலாளருக்கும் ஒரு பெயர் உண்டு, சமாளிப்பு சார். எந்தப் பிரச்சினையைக் கொண்டுபோனாலும் "சமாளிச்சுக்கலாம்" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யாருக்காவது வீட்டில் உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாக லீவு கொடுத்து அனுப்புவார். ஆனால் பேச்சில் பிடி கொடுக்க மாட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னதும், "திருத்தியாச்சு இல்ல?" என்றார்.

"ஆச்சு."

"அப்புறம் என்ன? உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா நான் நிம்மதியா இருப்பேன்."

"அவர்கிட்ட சொல்லணும் சார். தான்தான் விட்டுட்டோம்னு நினைச்சிட்டு இருக்காரு."

"சொன்னா அந்தம்மாவுக்குக் கை கால் திரும்பி வந்துடுமா?"

"வராது. ஆனா இவர் எதுக்கு சார் சுமக்கணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வக்கீலைக் கேட்டுச் சொல்றேன்," என்றார்.

அப்புறம் நான் தினமும் கேட்டேன், அவர் தினமும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். சாமியார் மட்டும் ஒரு நாள் என் மேசைப் பக்கம் வந்து, "சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் திரும்பிப் போனார். கடைசியில் சமாளிப்பு சாரே என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வக்கீல் வேணாங்கறாரு. அந்த ஆளே தப்பு தன்னோடதுன்னு எழுதிக் குடுத்திருக்காரே. அதைவிட நமக்கு வேற என்ன பாதுகாப்பு வேணும்? நாமளே போயி அதைக் கெடுத்துக்கணுமான்னு கேக்கறாரு."

அந்த மனிதர் எவ்வளவு வேதனையில் அதை எழுதியிருப்பார், அதைக் கத்தரித்து இவர்கள் குடையாகப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

"சார், நான் நேர்ல போயிச் சொல்லிடப் போறேன். உங்ககிட்ட மறைச்சுட்டுப் போகக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

"நீங்க சொன்னது எனக்குக் கேக்கல."

"உங்களுக்கு எப்பவுமே கேக்காது சார்."

கதவை நான்தான் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

என்னுடைய சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டேன். எந்த நிறுவனம் என்று சொன்னதும் லிஃப்ட் மெக்கானிக்கின் குரல் சுருங்கிவிட்டது.

"பொத்தானைத் திருப்பிக் கேக்கறீங்களா மேடம்? அம்மா அதைக் கழட்டவே விட மாட்டேங்கறாங்க. கொஞ்ச நாள் போகட்டும், நானே கொண்டாந்து குடுத்துடறேன்."

"அதுக்கில்லைங்க. உங்களை நேர்ல பாத்து ஒரு விஷயம் சொல்லணும்."

"நான் எதாவது கையெழுத்துப் போடணுமா?"

"இல்லைங்க. நீங்க எதுவும் செய்ய வேணாம்."

கொஞ்சம் தயங்கினார். "சனிக்கிழமை வாங்க. அன்னைக்கு எங்கக்கா இருப்பாங்க, அம்மாவைப் பாத்துப்பாங்க," என்றார்.

வீடு ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் இருந்தது. கதவைத் திறந்தவர் எதிர்பார்த்ததைவிட இளையவர், தோள் அகன்றவர். நகக்கண்ணில் கிரீஸ் கறை. என்னை உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டார். கூடத்திலேயே ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டிருந்தது. அதில் இரண்டு தலையணைக்குச் சாய்ந்தபடி அம்மா. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது, கண்கள் மட்டும் கூர்மையாக என்னை அளந்தன. கழுத்தில் எங்கள் பொத்தான். சக்கர நாற்காலியின் கால்தாங்கியில் பழைய துண்டைச் சுற்றி, உராயாமல் நூலால் கட்டியிருந்தார்கள். கட்டில் பக்கத்தில் அக்கா உட்கார்ந்து அம்மாவின் செயலற்ற கையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பேக்கரியில் வேலை செய்கிறவர் என்று பின்னால் தெரிந்தது. மணிக்கட்டில் அடுப்புச் சூடு பட்ட தழும்புகள்.

வந்த சில நிமிஷத்திலேயே அந்த வீட்டின் நிலைமை புரிந்துவிட்டது. அக்கா தம்பியிடம் பேசுவதில்லை.

"அம்மா, வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கணும்னுகூட உன் மகனுக்குத் தெரியாதா?" என்றார், கையைத் துடைத்தபடியே.

தம்பி போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். இது அந்த வீட்டில் வெகுநாளாக நடக்கிற ஏற்பாடு மாதிரி இருந்தது. அக்கா சொல்வது எல்லாம் அம்மா வழியாகப் போகும், அம்மாவால் திருப்பிச் சொல்ல முடியாது என்பது தெரிந்தேதான் போகும்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அதில் ஒரு வார்த்தைகூட வாய்க்கு வரவில்லை. நேராகவே சொன்னேன்.

"நீங்க விலாசத்தை மாத்தியிருந்தீங்க. எங்க ஸ்கிரீன்தான் பழசைக் காட்டிச்சு. தப்பு எங்களோடது."

அவர் அரைகுறையாகச் சிரித்தார். "நீங்க நல்ல மனசுல சொல்றீங்க மேடம். ஆறுதலுக்குச் சொல்றீங்கன்னு புரியுது. நான் இன்னும் கவனமா பாத்திருக்கணும்."

"ஆறுதல் சொல்ல நான் வரலைங்க. எனக்கு அது வராது, எங்க ஆபீஸ்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. என் வேலை டேட்டாபேஸ்ல தப்பைத் தேடறது. நீங்க பண்ண ஒவ்வொரு மாத்தத்துக்கும் அதுல ஒரு வரி இருக்கு, தேதியும் நேரமும் இருக்கு. குடி வந்த அன்னைக்கு மத்தியானம் புது விலாசத்தைப் போட்டிருக்கீங்க. மறுபடியும் போட்டிருக்கீங்க. இன்னொரு வாட்டியும் போட்டிருக்கீங்க. மூணு வரி இருக்கு. நானே என் கண்ணால பாத்தேன்."

அக்காவின் கையிலிருந்த துணி நின்றுவிட்டது.

"மூணு தடவையா," என்றார் தம்பி, என்னிடம் இல்லை, தரையிடம்.

"மூணு தடவை."

"படிக்கட்டுல உக்காந்திருந்தேன்," என்றார் மெதுவாக. "திருப்பத்துல பீரோ மாட்டிக்கிட்டு ஆளுங்க மேலயும் போக முடியாம கீழயும் வர முடியாம நின்னாங்க. இதை முடிச்சுடலாமேன்னு போனை எடுத்தேன். சேவ்னு அழுத்தினா ஒண்ணுமே சொல்லாம முன்னாடி பக்கத்துக்குப் போயிடுச்சு. ஆச்சா ஆகலையான்னு தெரியல. அதான் மறுபடி அழுத்தினேன். அப்பவும் ஒண்ணும் சொல்லல, இன்னொரு தடவையும் அழுத்தினேன்."

"முதல் தடவையே ஆயிடுச்சுங்க. ஆச்சுன்னு காட்டாதது எங்க பக்கத்தோட லட்சணம்."

"படிக்கட்டுல உக்காந்தது எனக்கு ஞாபகம் இருந்துச்சு மேடம். ஆனா நீங்க இல்லேன்னு சொன்னீங்க. நாளாக நாளாக, அது நானா கற்பனை பண்ணிக்கிட்டதுன்னு நினைச்சேன். தப்பிக்கறதுக்காக மனசு பொய் சொல்லுதுன்னு நினைச்சேன்."

அக்கா எழுந்தார். ஈரத்துணி கையிலேயே இருந்தது. முதல் தடவையாகத் தம்பியை நேராகப் பார்த்தார்.

"ஏன்டா எங்கிட்ட இதைச் சொல்லல? படிக்கட்டு, பீரோ, ஒண்ணுமே சொல்லலியே நீ."

"சொன்னேன்கா. ஆஸ்பத்திரியில சொன்னேன். அப்ப ஏன்டா வண்டி அங்க போச்சுன்னு கேட்ட. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல."

"உன்னை என்னென்ன கேட்டேன்," என்று ஆரம்பித்த அக்கா முடிக்கவில்லை. துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் இங்கும் அங்கும் பார்த்தார். தம்பிதான் அதை அவர் கையிலிருந்து வாங்கி நாற்காலி முதுகில் போட்டார்.

அப்புறம் அவர் என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார். "நீங்க வந்து சொன்னதுக்கு ரொம்ப நன்றி மேடம். இந்தக் காலத்துல யாரு இப்படி வீடு தேடி வந்து..."

அந்தக் கும்பிடு எனக்குத் தாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அம்மா தன் இடது கையை நீட்டி, மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். எட்டிய வரைக்கும் பிடித்து, கூப்பிய கையைக் கீழே இறக்கினார்.

"எ...துக்கு," என்றார். ஒரு வார்த்தையை முடிக்க அவருக்கு மூச்சு முழுதும் வேண்டியிருந்தது. "எதுக்கு... நன்றி."

மகன் அம்மாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். அதுவரைக்கும் அந்த முகத்தில் கோபம் என்ற ஒன்று இருந்ததற்கான தடயமே இல்லை. மெக்கானிக் வேலை பார்க்கும் அந்தப் பெரிய கைகள் பக்கத்தில் தொங்கின, பிறகு மடங்கின.

"இத்தனை மாசமா உங்க ஆபீஸ்ல இது ஒருத்தருக்கும் தெரியாதா?" என்றார். குரல் உயரவில்லை.

"தெரியாது. யாரும் பாக்கல."

"நான்தான் பாருங்கன்னு எழுதிக் கேட்டேனே."

"கேட்டீங்க. தப்பு இருந்த ஸ்கிரீனையே பாத்துட்டுப் பதில் போட்டுட்டாங்க."

"மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தேன். அதையாவது யாராவது படிச்சாங்களா?"

பொய் சொல்லிவிட ஒரு விநாடி ஆசையாகத்தான் இருந்தது. "ஒருத்தர் படிச்சாரு. படிச்சுட்டு மூடிட்டாரு," என்றேன். வக்கீல் சொன்னதையும் சொன்னேன். சொல்லாமல் வைத்திருந்தால் நானும் அந்தக் குடைக்குள் நிற்கிற ஆள்தான்.

அவர் ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "நான் எழுதினதை அழிச்சிடுங்க," என்றார்.

"அழிக்க முடியாதுங்க. கீழ எழுத முடியும்."

"இப்பவே எழுத முடியுமா?"

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். மூடிய டிக்கெட்டைத் திறந்தால் சமாளிப்பு சாருக்கும் வக்கீலுக்கும் இன்னும் மேலே இருப்பவர்களுக்கும் அந்த விநாடியே தகவல் போகும். யார் திறந்தது என்று என் பெயரும் போகும். திங்கட்கிழமை என் மேசை எனக்கு இருக்குமா என்று தெரியாது. பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். திறந்தேன்.

"சொல்லுங்க," என்றேன்.

அவர் நின்றபடியே சொன்னார். நான் ஒரு சொல் மாற்றாமல் தட்டினேன். "நான் விலாசத்தை மாத்தினேன். குடி வந்த அன்னைக்கே மாத்தினேன். மூணு தடவை மாத்தினேன். தப்பு என் மேலன்னு எழுதினதை வாபஸ் வாங்கறேன். மன்னிப்புக் கேட்டதையும் வாபஸ் வாங்கறேன்." கொஞ்சம் யோசித்தார். "அந்த ஆம்புலன்ஸ் டிரைவர்கிட்ட நீங்க மன்னிப்புக் கேளுங்க."

"எங்கிட்டயும் கேக்கணும்," என்றார் அக்கா தாழ்ந்த குரலில். "இவனைப் பேசாத பேச்செல்லாம் என்னைப் பேச வெச்சதுக்கு." பிறகு தலையைக் குலுக்கி, "வேணாம், அதை எழுதாதீங்க. அது நானா பேசினது," என்று தம்பியின் பக்கம் போய் நின்றார்.

தம்பி சொன்னதற்குக் கீழே நான் என்னுடையதை எழுதினேன். எந்தக் குவெரி, என்ன பிழை, என்று முதல் என்று வரை, எப்போது திருத்தியது. அனுப்பிவிட்டு, எழுதியதை ஆரம்பத்திலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன். மூவரும் கேட்டார்கள். படித்து முடித்ததும் அம்மா மறுபடி ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. மகன் குனிந்து காதைக் கொடுத்தார். நிமிர்ந்தவர் என்னிடம் சொல்லத் தயங்கினார்.

"என்ன சொல்றாங்க?"

"தன்கிட்ட யாரு கேப்பாங்கன்னு கேக்கறாங்க."

எனக்கு உறைத்தது. இந்த மனிதர் எங்களிடம் கேட்டார், டிரைவரிடம் கேட்டார். நாங்கள் டிக்கெட்டைத் திறந்தோம், மூடினோம். நானும் வந்ததிலிருந்து மகனிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். தரையில் கிடந்தது இந்த அம்மா. பொத்தானை அழுத்திவிட்டு, வண்டி வந்துவிடும் என்று நம்பிக் கிடந்தவர்.

லேப்டாப்பை மூடிவிட்டுக் கட்டில் பக்கத்தில் போய் மண்டியிட்டேன். நிறுவனத்தின் சார்பில் என்றெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. "எங்களை மன்னிச்சிடுங்கம்மா," என்றேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். தலையை ஆட்டவில்லை, கையை எடுத்து என் மேல் வைக்கவும் இல்லை. கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு கண்ணை மகன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்க கிளம்புங்க மேடம்," என்றார் மகன். "இன்னைக்கு இதுக்கு மேல முடியாது."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். கதவைத் திறக்கும்போது பின்னால் அக்கா விசும்புவதும் தம்பி அவரைச் சமாதானப்படுத்துவதும் கேட்டது. வாசல் வரைக்கும் யாரும் வரவில்லை.